ஹாஜியாரின் அறபிக் காசு

ஒரு குடியின் கண்ணியம் ஆயிரம் வருடம் மண்ணுக்குள் கிடந்தாலும் துருப்பிடிக்காது.

இவ்வாறு திருவாய் மலர்ந்தவர் அபூசாலி ஹாஜியார். மலர்ந்த இடம் சாய்ந்தமருதுக் கடற்கரைக் குப்பைமேடு. அப்போது அவர் கையில் இருந்தது, துருப்பிடித்து ஓட்டை விழுந்த மீன் டின்.

கிட்ட வந்து உட்காருங்கள். லாம்பைக் கொஞ்சம் இறக்குங்கள்... போதும். நம்முடைய ஜவுபர் இருக்கிறாரே, அவருடைய ராத்தாவை, அதாவது அக்காவை, கட்டிய மச்சான்தான் இந்த ஹாஜியார்.

எண்பத்திரண்டாம் ஆண்டு. வியாழக்கிழமை, மஃரிப் தொழுகை முடிந்த நேரம். மையத்து அடக்குகிற மையவாடியின் பின்மதிலை ஒட்டிக் கடலுக்குப் போகும் மணல்பாதை. விளக்கு இல்லை. வீடு இல்லை. பாதை முடிகிற இடத்தில் ஊர் முழுவதும் கொட்டிய குப்பை. ஹாஜியார் முன்னால் நடக்கிறார். தோளில் மெசின். மண்வெட்டி, சாக்கு, டோர்ச் எல்லாம் பின்னால் வருகிற ஜவுபரிடம்.

மெசின் வந்த கதை இது. ஹாஜியார் ஐந்து வருடம் சவூதியில் இருந்தார். றோட்டுக் கொம்பனியில் இஞ்சினியர் என்று அவர் சொன்னார். தேத்தண்ணி ஊற்றினவர் என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். வருகிறவர்களெல்லாம் கசட் ரேடியோ கொண்டுவந்த காலத்தில், இவர் நீளக் கம்பின் நுனியில் வட்டத் தட்டுப் பூட்டிய ஒரு சாமானைக் கொண்டுவந்தார். மண்ணுக்குள் உலோகம் கிடந்தால் 'கீ...' என்று கத்தும். அடுத்த கிழமையே கேற்றில் பலகை தொங்கியது: 'புதைபொருள் ஆராய்ச்சியாளர்'.

அந்த நேரம் பார்த்து அவருடைய குடியின், அதாவது வம்சத்தின், மரைக்காயர் மௌத்தாகிப் போனார். பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிக்கு ஒரு மரைக்காயர். அந்த இடம் காலி. ஹாஜியாருக்கு அது வேண்டும். அதே குடியைச் சேர்ந்த தோணி முதலாளி சீனிமுகம்மதுவுக்கும் வேண்டும். ஹாஜியார் ஊர் கூடிய இடத்தில் எழும்பி அறிவித்தார். என்னுடைய குடியை உண்டாக்கிய மூதாதை அறபு நாட்டிலிருந்து பானை நிறையத் தங்கக் காசோடு கப்பலில் வந்திறங்கியவர். அந்தக் காசை வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு பள்ளி முற்றத்தில் வைப்பேன். வைக்காவிட்டால் மரைக்காயர் பதவியைக் கேட்கவும் மாட்டேன்.

"குடி வாறது உம்மாட வழியால, ஹாஜியார்," என்றார் சீனிமுகம்மது. "நீங்க ஏன் அறபி வாப்பாவத் தோண்டுறீங்க?"

ஊர் சிரித்தது. ஹாஜியார் மண்வெட்டி வாங்கப் போனார்.

கிழமை முழுவதும் தோண்டினார்கள். மெசின் கத்தியது... சோடா மூடி. கத்தியது... டோர்ச் பற்றரி. கத்தியது... யாருடையதோ சைக்கிள் பெடல். ஒவ்வொன்றையும் ஹாஜியார் கைலேஞ்சியால் துடைத்து, கண்ணருகே பிடித்து, "ஒல்லாந்தர் காலம்," என்பார். பால்மா டின்னின் மூடி ஒன்று போர்த்துக்கேயத் தளபதியின் நெஞ்சுக் கவசமாகி அவருடைய ஹோலில் சாத்திவைக்கப்பட்டது.

இது கடைசி மாலை. விடிந்தால் ஜும்ஆ.

"மச்சான், இருட்டிப் போச்சு. மஃரிபோட வெள்ளியிரவு வேற துவங்கிட்டு. வாங்க போவம்."

"நீ கதைக்காம டோர்ச்ச அடி. எனக்கு மண்ணுட மணம் தெரியும்."

மணம் எல்லாருக்கும்தான் தெரிந்தது. அழுகிய மீன் குடல், எரிந்த றப்பர், ஊறின தென்னந்தும்பு...

பிறகு அது நின்றது. மணம் முழுவதும் ஒரேயடியாக. கடல் இரைச்சலும் தூரப்போனது. அந்த இடத்தில் சாம்பிராணி மணந்தது... இப்போதுதான் யாரோ தணலில் தூவினதுபோல.

மெசின் கத்தியது. 'கீ' என்று அல்ல. தூக்கத்தில் பிள்ளை ஒன்று முனகுவதுபோல... ங்ஹூம்... ங்ஹூம்...

ஜவுபர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஆயத்துல் குர்ஸி ஓதினார். பாதியில் மறந்துபோனது, முதலிலிருந்து ஓதினார். ஹாஜியார் முழங்காலில் விழுந்து கையாலேயே கிளறினார். எடுத்தார். காசு அல்ல. சுண்டுவிரல் நீளத்தில் ஒரு செப்புக் கூடு, முனைகள் மெழுகால் அடைத்தது. பயந்த பிள்ளைகளுக்கு ஓதி அரையில் கட்டுகிற அச்சரக்கூடு.

வேறு எவரும் போட்டுவிட்டு ஓடியிருப்பார்கள். ஓதிக் கட்டின கூட்டைத் திறக்கக் கூடாது என்பது நம் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஆராய்ச்சியாளருக்குத் தெரியவில்லை.

"பானைய எங்க தாட்டதெண்டு இதுக்குள்ளதான் ஒளிச்சு வெச்சிரிக்காங்க," என்று மெழுகைப் பல்லால் கடித்துத் துப்பினார்.

உள்ளே ஒன்றும் இல்லை. சூடான மூச்சு ஒன்று அவர் கன்னத்தில் பட்டது... அவ்வளவுதான். மெசின் அடங்கியது. பிறகு ஒருநாளும் அது எதற்கும் கத்தவில்லை.

திரும்பும் வழியில் ஜவுபர் காதைக் கொடுத்துக் கேட்டார். மச்சானின் செருப்பு... சரக். தன்னுடைய செருப்பு... சரக். இரண்டுக்கும் நடுவில் வெறுங்கால் ஒன்று... சின்னது, ஈரமானது... சப்... சப்...

வீட்டில் ஹாஜியாரின் மூத்த சகோதரி சபியா உம்மா இருந்தார். கூட்டைக் கண்டதும் வாங்கி, லாம்பு வெளிச்சத்தில் பிடித்து, அதிலிருந்த நெளிவு ஒன்றை விரலால் தடவினார்.

"இது உனக்கு உம்மா கட்டினதுடா தம்பி. உனக்கு ஏழு வயசு. ராவையில ஒரு புள்ள வந்து பக்கத்துல படுக்குதெண்டு கத்துவாய். பள்ளி லெவ்வை ஓதி அத இதுக்குள்ள அடைச்சார். உனக்குச் சுகமானாப் பொறகு உம்மாதான் கொண்டுபோய்க் கடற்கரையில தாட்டா. திறந்தியா?"

"ராத்தா, நான் ஆராய்ச்சிக்காக..."

"திறந்தியாடா?"

"ஓம்."

சபியா உம்மா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு எழும்பிப் போனார்.

மறுநாள் ஜும்ஆ முடிந்து ஊர் முற்றத்தில் காத்து நின்றது. ஹாஜியார் வரவில்லை. காய்ச்சல் என்று செய்தி வந்தது. மரைக்காயர் பதவி, மண்ணில் ஒரு கீறும் போடாத சீனிமுகம்மதுவுக்குப் போனது. கேற்றிலிருந்த பலகை அன்று மாலையே கழன்றது.

காய்ச்சல் ஒன்றும் இல்லை. ஹாஜியாரின் பெண்சாதி, சித்தி லைலா என்று பேர், தன் தம்பி ஜவுபரிடம் மட்டும் சொன்னார். ஐம்பது தாண்டிய மனிசன் பாயில் மூத்திரம் பெய்திருக்கிறார். அதுகூடப் பரவாயில்லை... ஈரம் இரண்டு இடத்தில். ஒன்று அவர் படுத்த இடம். மற்றது அவருக்குப் பக்கத்தில், சுவரோரம், சின்னப் பிள்ளை ஒன்று சுருண்டு கிடந்த அளவில்.

அடுத்த கிழமை சித்தி லைலா கல்முனைச் சந்தைக்குப் போய், பேரப்பிள்ளைக்கு என்று சொல்லி பாய் நனையாமல் விரிக்கிற றப்பர் சீலை இரண்டு வாங்கினார். அவர்களுக்குப் பேரப்பிள்ளை இல்லை.