நேர் எதிர்க் கட்டம்

நான் சதுரங்க வாத்தியார். இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், ஒருவரையும் அதட்டியதில்லை. வேண்டுமானால் என் மகளிடமே கேட்டுப் பாருங்கள்.

எதிராளியின் சிப்பாய் ஒன்று காலி வழியில் விறுவிறுவென்று ஏறி வந்தால் பிள்ளைகளுக்குக் கைகால் ஓடாது. கடைசிக் கட்டத்தைத் தொட்டால் அது ராணியாகிவிடுமே என்ற பயம். எப்படியாவது வெட்டிவிடப் பார்ப்பார்கள். வெட்ட வேண்டாம், அதற்கு நேர் முன்னால் ஒரு குதிரையை நிறுத்து என்பேன். நேர் எதிரே நிற்பதைச் சிப்பாயால் வெட்ட முடியாது. அது பாட்டுக்கு அங்கேயே நிற்கும். ராணியை மட்டும் அந்த வேலைக்கு வைக்காதே என்றும் சொல்வேன். பறிபோனால் தாங்காது.

என் மகள் மருந்து ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். மூன்று வருடத்துக்கு முன் தொலைவில் ஒரு பெரிய ஆய்வுக்கூடம் அவளைக் கடிதம் போட்டு வேலைக்குக் கூப்பிட்டது. அதே வாரம் என் மனைவி குளியலறையில் மயங்கி விழுந்தாள். இதயக் கோளாறு.

"அம்மாவ இப்படி விட்டுட்டு எப்படிப்பா போறது?" என்று மகளே கடிதத்தை மடித்து வைத்துவிட்டாள். அதில் என் பங்கு எதுவும் இல்லை. பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

மனைவியின் மாத்திரைப் பெட்டியை நிரப்புவது என் வேலை. ஏழு நாளுக்கு ஏழு அறை. அடுத்த வருடம் மறுபடி அழைப்பு வந்தபோது, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் இதய மாத்திரைக்குப் பதில் அதே அளவில் ஒரு சத்து மாத்திரையைப் போட்டு வைத்தேன். இரண்டே நாள்தான்.

"ஒழுங்காத்தானே முழுங்கறேன், ஏன் இப்படித் தலை சுத்துதுன்னு தெரியலையே" என்பாள் மனைவி, சுவரைப் பிடித்துக்கொண்டு. பாவமாக இருக்கும். நான்தான் கையைப் பிடித்துக் கட்டிலுக்குக் கூட்டிப் போவேன். மகள் அந்தக் கடிதத்தையும் மடித்து வைத்தாள்.

ஏன் என்று கேட்கிறீர்கள். எனக்குப் பயம். அவள் போய்விட்டால் வீட்டில் எங்கள் இரண்டு பேரின் செருப்புதான் கிடக்கும். போகாதே என்று சொல்லலாம் என்று எத்தனையோ தடவை வாயெடுத்தேன். வரவில்லை. பெற்ற பெண்ணிடம் கெஞ்சுவதா என்று இருந்துவிட்டேன்.

போன மாதம் மூன்றாவது அழைப்பு வந்தது. இந்த முறை அவள் மடிக்கவில்லை.

"அம்மாவையும் கூட்டிட்டுப் போறேன்பா. அங்க நல்ல ஆஸ்பத்திரி இருக்கு. நீங்களும் வாங்க."

நானும் வரலாம் என்றுதான் சொன்னாள். ஆனால் நிறுத்தி வைத்த காயே சிப்பாயோடு சேர்ந்து கிளம்புவதை நான் எந்த ஆட்டத்திலும் பார்த்ததில்லை. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஏழு அறையிலும் சத்து மாத்திரையைப் போட்டேன். நாலு நாள் படுத்தால் பயணம் தள்ளிப்போகும் என்று கணக்கிட்டேன். வியாழக்கிழமை காலை என் மனைவி எழுந்திருக்கவில்லை.

பெட்டியில் மூன்று அறை மிச்சமிருந்தது. நிஜ மாத்திரையின் நடுவே ஒரு கோடு இருக்கும்; சத்து மாத்திரையில் இல்லை. மகள் அதை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பெட்டியை எடுத்துக்கொண்டு உங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள்.

ஆமாம், மாற்றியது நான்தான். அவள் அம்மாவைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

வழக்கு முடியும்வரை அவள் ஊரை விட்டுப் போகக் கூடாது என்று சொல்லியிருக்கிறீர்களாமே. நல்லது. எனக்குச் சில தேதிகள் சரியாக நினைவில்லை. அவளைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள், ஒன்றுக்கு இரண்டு தடவையாக. நிதானமாகவே விசாரியுங்கள். எனக்கு ஒரு அவசரமும் இல்லை.