வரிசையில் நின்ற கண்டல்

— தானா முளைச்சதெண்டா ஏன் அக்கா இந்தக் கண்டல் மரமெல்லாம் வரிசையிலை நிக்குது? எனக்கெண்டா விளங்கேல்லை.

— அதை மரத்தைத்தான் கேக்கவேணும், மிஸ். குருநகரிலை வினிபிரட் எண்டு கேட்டா மீன் விக்கிறவள் எண்டு சொல்லுவினம். காடு வளக்கிறவள் எண்டு ஆரும் சொல்லமாட்டினம்.

— உங்களிலை பிழை பிடிக்க நான் வரேல்லை. சுற்றாடல் கந்தோராலை என்னை அனுப்பினது, உந்தக் கரை என்ன வகை எண்டு சொல்லத்தான். காலமை தொடங்கிச் சேத்துக்கை நிண்டு குழம்பிறன்.

— கண்டல் எண்டு சொல்லிப்போட்டுப் போங்கோவன். உதயகலா மிஸ் நல்லாப் படிச்ச ஆள் எண்டு கடற்றொழில் சங்கத்திலை கதைச்சவை.

— பேர் வைக்கிறது லேசு. இது ஒரு சூழற்றொகுதி, அக்கா. மரம், சேறு, நண்டு, கொக்கு, தண்ணி எல்லாம் ஒண்டையொண்டு பிடிச்சுக்கொண்டுதான் சீவிக்குது. தரையிலை இருக்கிற தொகுதி வேறை, தண்ணியிலை இருக்கிறது வேறை. தண்ணியிலையும் நன்னீர் ஒரு பக்கம், உப்புநீர் ஒரு பக்கம். இஞ்சை மாரியிலை மழைத்தண்ணி கலக்குது, கோடையிலை ஒரே உப்பு, வத்தினா நடந்து போகலாம். எந்தப் பக்கம் சேக்கிறது?

— எங்களுக்கு வத்தும் தெரியும், பெருக்கும் தெரியும். வேறை பிரிவு தெரியாது.

— அதைக்கூட விடுவம். இயற்கையா வந்ததோ, ஆள் உண்டாக்கினதோ எண்டதுதான் சிக்கல். இயற்கையெண்டா ஒரு கொப்பும் முறிக்கேலாது. சங்கம் கேட்ட இறங்குதுறை வராது, வேறை இடமும் இல்லையாம். ஆள் நட்டதெண்டா வெட்டிப்போட்டுக் கட்டுவினம்.

— அதுதானே சொல்லுறன், தானா வந்தது. மாதாவாணை.

— ஆணை போடாதையுங்கோ அக்கா. மரம் வரிசையிலை நிக்குது.

— பொய்தான், மிஸ். என்ரை மூத்தவன் அனோஜன் நட்டது.

— அவர் இப்ப எங்கை?

— இல்லை. அக்கரையிலை வள்ளத்தைக் கட்டிப்போட்டு, விழுந்து கிடக்கிற கண்டல் காயெல்லாம் உரப்பையிலை பொறுக்கிக்கொண்டு வருவான். இறால் குஞ்சு ஒதுங்க இடம் வேணும் அம்மா எண்டுவான். சனம் சிரிச்சது, நானும் சிரிச்சனான். உங்கடை சுன்னாகத்திலை வெங்காயம் நடுறமாதிரி நூல் பிடிச்சு நட்டான். அதுகள் இடுப்பளவு வளர முன்னம் புயல் வந்தது.

— கடலுக்கையோ செத்தவர்?

— கரையிலை. எல்லா வள்ளமும் உந்த ஒரு ஒடுங்கின வழியாலை ஏறப் பாத்ததுகள். ரெண்டு வள்ளத்துக்கு நடுவிலை நசுங்கினான். நான் பாத்துக்கொண்டு நிண்டனான். இறங்குதுறையெண்டு ஒண்டு இருந்திருந்தா என்ரை பிள்ளை நடந்து வந்திருப்பான்.

— எனக்கு இது தெரியாது, அக்கா.

— தெரியவேண்டாமெண்டுதான் மறைச்சனான். அவன் விட்டிட்டுப் போனது இது மட்டும்தான்.

— கொஞ்சம் இஞ்சாலை வாங்கோ. அனோஜன் நட்டது இந்த வரிசையள்தான். பின்னாலை நிக்கிற கண்டுகளிலை வரிசை இருக்கோ பாருங்கோ. இல்லை. காய் தானா விழுந்து தானா வேர்விட்டிருக்கு. கொக்கையும் நண்டையும் ஆரும் கொண்டந்து விடேல்லை. உதை ஆள் செய்ததெண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?

— அப்ப பாதி அவன்ரை, பாதி கடவுளின்ரையோ?

— அப்பிடி ஒரு வகை நான் படிக்கேல்லை. இயற்கையெண்டே சொல்லுறன். அது முழுப்பொய்யும் இல்லை. மரம் நிக்கட்டும்.

— வேண்டாம், மிஸ். ஆள் நட்டதெண்டு சொல்லுங்கோ.

— இவ்வளவு நேரமும் நீங்கள்தானே தானா வந்ததெண்டு நிண்டனீங்கள்? எனக்கெண்டா இப்பத்தான் ஒண்டும் விளங்கேல்லை.

— அவன்ரை தம்பி பிறேம் இண்டைக்குத்தான் முதல்தரமா வள்ளம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். அவனும் உந்த வழியாலைதான் கரை ஏறவேணும்.