தட்டில் மிஞ்சிய சம்பல்

மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் அவர்களே, செவிலியர்களே, சமையற்கூடத்துத் தோழர்களே, மனைவி வார்சினியை இழந்து நிற்கும் பாக் துகிமான் அவர்களே! உங்கள் முகம் பார்த்துப் பேச எனக்குக் கூசுகிறது.

பத்தொன்பது ஆண்டுகள் நம் புற்றுநோய்ப் பிரிவில் சாப்பாட்டுத் தட்டு எடுத்தவர், அம்மா என்று மதித்து நாம் எல்லோரும் 'இபு' என அழைத்த இபு வார்சினி. அவ்வளவுதானா அவர்?

நான் மருத்துவராக இங்கே சேர்ந்த முதல் மாதம். நான்காம் படுக்கையில் சோலோ நகரத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர். மருந்து ஏற்றிப் பத்து நாள். எப்படி இருக்கிறீர்கள் என்றேன். நல்லா இருக்கேன் என்று சிரித்தார். நகர்ந்தேன். வாசலில் இபு வார்சினி மறித்தார்.

"டாக்டர், அவர் மிளகாய்ச் சம்பலைத் தொடவே இல்ல."

"அதனால?"

"சோலோக்காரர் சம்பலைத் தொடலைன்னா வாய் வெந்து கிடக்குன்னு அர்த்தம்."

"அவரே நல்லா இருக்கேங்கிறாரே!"

"டாக்டர் கேட்டா நம்ம ஊர்ல வேற என்ன சொல்லுவாங்க? செத்தவன்கூட எழுந்து 'நல்லா இருக்கேன்'னுட்டுத்தான் படுப்பான்!"

"நீங்க தட்டை மட்டும் பாருங்க, இபு" என்றேன்.

பார்த்தார்! தட்டை மட்டும்தான் பார்த்தார்! அன்று மாலை அந்த ஆசிரியரிடம் வாயைத் திறக்கச் சொன்னேன். நாக்கிலிருந்து தொண்டை வரை புண்.

அதன்பின் தினமும் இபுவிடம் கேட்டுக்கொண்டுதான் நோயாளிகளைப் பார்க்கப் போவேன். மீன் வாடைக்கு மூடியையே திறக்காதவர் யார், சோற்றைச் சாற்றில் ஊறவைத்து விழுங்கியவர் யார் என்று சொல்வார். குமட்டல் மாத்திரையும் வாய்ப்புண் மருந்தும் நேரத்துக்குப் போயின. 'சொல்லாமலே கண்டுபிடிக்கிற டாக்டர்' என்று என்னைப் புகழ்ந்தார்கள். கண்டுபிடித்தது அவர் என்று ஒருமுறையாவது சொன்னேனா? சொல்லவில்லை.

இந்த ஆண்டு அவருக்கே மார்பில் கட்டி. அதே பிரிவு, அதே மருந்து. எப்படி இருக்கீங்க இபு என்று கேட்டேன்.

"நல்லா இருக்கேன் டாக்டர். அடுத்தவங்களைப் பாருங்க."

'குறையேதும் இல்லை' என்று குறிப்பேட்டில் எழுதி வீட்டுக்கு அனுப்பினேன். நான்கு நாள் அவருக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை. காய்ச்சலோடு திரும்பி வந்தவரை எங்களால் காப்பாற்ற முடியவில்லை.

யாரிடமும் சொல்லாத ஒன்றை பாக் துகிமான் முன்னால் இன்று சொல்கிறேன். அன்று குறிப்பேட்டை வைத்து எழுத மேசையில் இடமில்லை. அவருடைய தட்டை என் கையால் தள்ளி வைத்தேன். ஓரத்தில் சம்பல் வைத்தபடியே இருந்தது.

நாளை முதல் நம் பிரிவில் மருத்துவர் பார்க்காத ஒரு தட்டும் கழுவப் போகாது. இதற்கு இயக்குநரின் அனுமதி வேண்டுகிறேன். கிடைக்காவிட்டால் தட்டுகளை நானே எடுப்பேன்.

இபு வார்சினி அவர்களே! தட்டை மட்டும் பாருங்கள் என்று உங்களிடம் சொன்னேன். இனி அதை எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.