மூன்றாவது படம்

ஸ்கேன் ஜெல் குளிர்காலத்தில் பனிக்கட்டி மாதிரி இருக்கும். பல இடங்களில் அதை அப்படியே கழுத்தில் பிதுக்கிவிடுகிறார்கள். படுத்திருப்பவர் துள்ளிவிடுவார். நான் அப்படிச் செய்ததே இல்லை. புட்டியைக் கால்மணி நேரம் வெந்நீரில் போட்டுவைத்து, என் மணிக்கட்டில் தடவிப் பார்த்த பிறகுதான் அடுத்தவர் மேல் வைப்பேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். என்னைக் கவனமில்லாதவள் என்று யாரும் சொல்லக் கூடாது.

பெயர் அனார்கான். வயது நாற்பத்தாறு. ஓஷ் நகர ஆய்வுக்கூடத்தில் பதினோரு வருடமாக ரத்தநாளங்களை ஸ்கேன் செய்கிறேன். கொரோனா வந்து போன பிறகு வேலை கூடிவிட்டது. காய்ச்சல் விட்டு, இருமல் நின்று, சந்தையில் மறுபடி கடை விரித்தவர்கள் ஆறு மாதம் கழித்துத் திடீரென்று சாய்ந்தார்கள். வைரஸ் போகிற போக்கில் ரத்தநாளத்தின் உட்சுவரைச் சுரண்டிவிட்டுப் போயிருந்தது. சுரண்டிய இடத்தில் ரத்தம் உறையும். எங்கள் கூடத்தில் அதை முதலில் கவனித்தவள் நான். உஸ்கெனிலிருந்து வந்த ஒரு விவசாயியின் கழுத்தில் பார்த்ததை ஒரு தாளில் குறித்து நூர்ஜமாலிடம் காட்டினேன். இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, இருபத்தெட்டுப் பக்க ஆய்வுத் திட்டமாக அதைத் திருப்பித் தந்தாள். திட்டம் நன்றாகவே இருந்தது. நான் மறுக்கவில்லை.

நூர்ஜமால் என்னைவிட நாலு வயது இளையவள். ஆய்வுக்குத் தலைமை அவள். தன் சொந்த அக்காவைக் கூப்பிடுவது போல என்னை 'அனார் எஜே' என்பாள். நோயாளிகளின் கழுத்தைப் பார்த்தது நான், நன்றி போனது அவளுக்கு. கிராமத்துப் பெண்கள் குருத் என்கிற உலர்தயிர் உருண்டைகளைத் துணியில் முடிந்துகொண்டு வந்து, என்னைத் தாண்டிப் போய், அவள் மேசையில் வைப்பார்கள். அவள் உடனே அதில் பாதியை அள்ளி என் கையில் கொட்டுவாள். பாதியைத் தருகிறவள் முழுவதும் தன்னுடையது என்று நினைக்கிறாள் என்றுதானே அர்த்தம்.

ஒருமுறை எங்கள் இயக்குநரிடம் இதை லேசாகச் சொன்னேன். அவர் சிரித்தார். "அனார், அவ தலை, நீ கை. தலைக்குக் கிரீடம், கைக்குக் காப்பு. எதுக்குக் கோவிச்சுக்கிற?" என்றார். நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் வருவதில்லை.

அந்த நாளுக்கு வருகிறேன். மார்ச் இருபத்தொன்று, நூரூஸ், எங்கள் வசந்தப் புத்தாண்டு. ஆய்வுக்கூடம் விடுமுறை. காவலாளிகூட வாசல் கதவைச் சாத்திவிட்டுப் போயிருந்தார். ஆய்வுக் கணக்குக்கு ஓர் ஆள் குறைந்ததால் நானும் நூர்ஜமாலும் மட்டும் வந்திருந்தோம். அவள்தான் யோசனை சொன்னாள்.

"எனக்கும்தான் கொரோனா வந்துச்சு எஜே. என்னையே படுக்கவெச்சுப் பாத்துருங்க. இருநூத்திப் பன்னெண்டாவது ஆளு நானு."

தலைத்துணியை அவிழ்த்துவிட்டுப் படுத்தாள். வலது பக்கம் சுத்தம். இடது பக்கத்தில், நாளம் இரண்டாகப் பிரிகிற இடத்தில், கோதுமை மணி அளவில் ஓர் உறைகட்டி. ஒரு நுனி சுவரில் ஒட்டியிருந்தது. மறுநுனி ஒவ்வொரு துடிப்புக்கும் ஓடைப் பாசி மாதிரி ஆடியது. பதினோரு வருடத்தில் அவ்வளவு தெளிவாக ஒன்றை நான் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"என்ன எஜே, சத்தத்தையே காணோம்? கழுத்துல புதையல் ஏதும் கெடைச்சுதா?"

"பள்ளிக்கூடப் பொண்ணு கழுத்து மாதிரி இருக்கு. எந்திரி, துடைச்சுக்க."

"அப்பாடா. சமாத் கீழ நிக்கிறாரு. வாங்க, சுமோலோக் கிண்டுறாங்க, நீங்களும் ஒரு கை போடுங்க."

சமாத் அவள் கணவர். போனேன். பெரிய கொப்பரையில் கொதித்த கோதுமைக் களியை என் பங்குக்குக் கிளறினேன். ஒரு கிண்ணம் சாப்பிட்டேன்.

இப்படி ஒன்றைப் பார்த்தால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து தொடங்க வேண்டும். எங்கள் கூடத்தில் அந்த விதியை எழுதியவளே நான்தான். அதுவரை ஏழு பேரை அனுப்பியிருந்தேன். ஆறு பேர் இன்றைக்கும் நடமாடுகிறார்கள்.

நான் எதையும் முடிவு செய்யவில்லை, அதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு காலையும் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். அவள் கோட்டைக் கழற்றி மாட்டும்போது சொல்லலாம், தேநீர் ஊற்றும்போது சொல்லலாம். இரண்டாம் நாள் தலைநகர் பிஷ்கெக்கில் நடக்கவிருந்த மாநாட்டின் நிகழ்ச்சி நிரல் வந்தது. அவள் பெயர் தடித்த எழுத்தில் முதல் பக்கத்தில் இருந்தது. என் பெயர் கடைசிப் பக்கத்தில், வண்டி ஓட்டியவரின் பெயருக்கு மேலே. அச்சடித்தவர்கள் செய்த தப்பு, சண்டை போட்டு மாற்றச் சொல்கிறேன் என்று அவள் தொலைபேசியை எடுத்தாள். அன்று நான் சொல்லவில்லை. மறுநாள் சொல்லாததற்குக் காரணம், முந்தின நாள் சொல்லாததுதான்.

ஒன்பதாம் நாள் பிஷ்கெக்கில் மேடை ஏறினாள். இருபது நிமிடம் தடங்கலில்லாமல் பேசினாள். முடிக்கும்போது, "இந்த வேலையில பாதி..." என்றாள். நிறுத்தி, மறுபடியும் "பாதி..." என்றாள். அடுத்து வந்தது எந்த மொழியிலும் சேராத ஒரு சத்தம். வாய் ஒரு பக்கம் இழுத்தது, வலது கை மேசையிலிருந்து வழுக்கி விழுந்தது. பாதி யாருடையது என்று சொல்ல வந்தாளோ, தெரியாது.

ஆம்புலன்சில் கூடப் போனது நான்தான். இளம் டாக்டர் ஒருவர் கேட்டார்: "முன்னாடி ரத்தநாளத்துல ஏதும் கோளாறு உண்டா? ஸ்கேன் எடுத்துருக்காங்களா?"

"போன வாரம் நானே பாத்தேன் டாக்டர். சுத்தமா இருந்துச்சு."

என் பேச்சை நம்பி இதயத்தில் தேடினார்கள். வேறு வேறு பரிசோதனைகள் செய்தார்கள். கழுத்தைக் கடைசியில்தான் பார்த்தார்கள். அதற்குள் அங்கே ஒன்றுமில்லை. இருந்தது மேலே மூளைக்குப் போயிருந்தது. வீணான நேரம் இரண்டு மணிக்கும் மேல். அந்த இரண்டு மணி நேரத்தில் மூளைக்கு என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். என் வேலையே அது.

பிழைத்துக்கொண்டாள். பேச்சும் வலது கையும் போயின. ஆய்வுக் கட்டுரையை யாராவது முடிக்க வேண்டுமே, நான் முடித்தேன். முதல் பெயராக என்னுடையது வந்தது. மூன்றாவது படமாக இருநூற்றுப் பன்னிரண்டை வைத்தேன். அதை ஏன் வைத்தாய் என்று கேட்கிறீர்கள். மற்றவை எல்லாம் மங்கல். அதைவிட நல்லது என்னிடம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தோறும் அவள் வீட்டுக்குப் போவேன். ஷோர்போ சூப்பை ஆற்றி, ஒவ்வொரு கரண்டியாக ஊட்டி, வாயைத் துடைத்துவிடுவேன். "நீங்க இல்லேன்னா நாங்க என்ன ஆயிருப்போம் எஜே" என்று சமாத் கண் கலங்குவார். போன மாதம் அச்சான இதழைக் கொண்டுபோனேன். அவளும் பார்க்கட்டும் என்ற ஆசைதான். மூன்றாவது படத்தைத் திருப்பிக் காட்டினேன்.

வெகுநேரம் பார்த்தாள். பிறகு இடது கை விரலைப் படத்தின் மூலையில் வைத்தாள். கருவி தானாகப் பதிக்கிற தேதி அங்கே இருந்தது. மற்ற படங்களில் வெட்டியிருந்தேன், இதில் விட்டுப்போயிற்று. விரலால் தேதியைத் தட்டினாள். தன் கழுத்தைத் தொட்டாள். மறுபடி தேதியைத் தட்டினாள்.

"என்னம்மா? இருபத்தொண்ணு... நூரூஸா?" என்றார் சமாத். "அன்னிக்கு லீவாச்சே. நீயும் எஜேயும் மட்டும்தானே உள்ள இருந்தீங்க."

பிறகு அவர் என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த கிண்ணத்தை மெதுவாக வாங்கி மேசைமேல் வைத்தார்.

ஆமாம், அது அவள் கழுத்துதான். பார்த்தேன், மறைத்தேன். அவளிடம் ஒருமுறை, டாக்டரிடம் ஒருமுறை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள். ஆனால் ஒன்றை நீங்களும் கவனிக்க வேண்டும். நாக்கு போய், கை போய், தலையணையில் சாய்ந்து கிடக்கிற நிலையிலும், என் வாழ்நாளில் நான் எடுத்த ஒரே நல்ல படத்தில் ஒரு குறை கண்டுபிடிக்காமல் இருக்க அவளால் முடியவில்லை.