இரண்டு இனிஷியல்

பூந்தமல்லியில் பஸ் கிளம்பியதும், முன் இருக்கையில் ஜன்னலோரம் இருந்த பெண் தோழியிடம் சொன்னார்: “கே. வசந்தியோட கட்டுரைகளை இன்னும் எல்லாரும் மேற்கோள் காட்டுறாங்க. ஆர். வசந்தியைத்தான் யாருக்கும் தெரியல.”

“ரெண்டும் நீதானடி?”

“ஆமா. பேட்டரிக்கான பொருள் பத்தி ஆராய்ச்சி பண்ணி எழுதினதெல்லாம் அப்பாவோட இனிஷியல்ல வந்துச்சு. கல்யாணத்துக்கப்புறம் வீட்டுக்காரரோட இனிஷியலுக்கு மாறிட்டேன். பையன் பொறந்ததும் லேபுக்குப் போறதையும் விட்டுட்டேன்.”

“அதனால என்ன? ரெண்டு பேரையும் ஒண்ணா சேர்த்துடலாம். ரெண்டும் ஒரே ஆள்தான்னு நெட்லயே பதிவு பண்ணலாம், நான் சொல்லித் தர்றேன்.”



“எதைச் சேர்க்கறது? ஆர். வசந்தி இன்னும் ஒண்ணுமே எழுதலையேடி.”