காப்பான் சரியில்லை என்று கையெழுத்திட மறுத்த தோன்யா ஒடிலியாவுக்கு

புவேர்த்தோ மிரேலெஸ் ஆற்றங்கரை மருத்துவமனையின் மின்பிரிவில் முப்பத்தோராண்டு முகம் சுளிக்காது உழைத்து இன்று ஓய்வு பெறும் மேற்பார்வையாளரே, மின்னலின் போக்கறிந்த மாதரசியே, மேலதிகாரத்தின் முன் முதுகு வளையாத பெருமாட்டியே, ‘தோன்யா’ என்று நாங்கள் மரியாதையுடன் அழைக்கும் ஒடிலியா பெர்தோமோ அவர்களே,

வணக்கம். நிர்வாகம் உங்களுக்கென ஒரு மடல் எழுதி எங்கள் ஒப்பத்துக்கு அனுப்பியது. உங்கள் பொறுமையும் பணிவும் அதில் பக்கம் நிறையப் புகழப்பட்டிருந்தன. நாங்கள் அதைத் திருப்பி அனுப்பிவிட்டோம். இந்த விழாவின் முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் நிர்வாக மேலாளர் டாக்டர் லிசாந்த்ரோ உருயேத்தா அவர்களும் கேட்கட்டும் என்றே, நடந்ததை நடந்தபடி இங்கே வாசிக்கிறோம்.

நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய ஆகஸ்டு மாதம். சிறுநீரக நோயாளிகளுக்கு இரத்தம் சுத்திகரிக்கும் புதிய பிரிவைத் திறந்துவைக்க ஆளுநர் வர இன்னும் பத்தே நாள். மின்னல் பாய்ச்சும் திடீர் மின்னெழுச்சியைத் தான் வாங்கி மண்ணுக்குள் இறக்கிவிடும் காப்பான் ஒன்று தலைமை மின்பலகையில் பொருத்தப்பட்டிருந்தது. அதைத் திறந்து பார்த்தீர்கள், உடனே மூடினீர்கள்.

“டாக்டர், இந்தச் சான்றிதழ்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன்,” என்று உருயேத்தா அவர்களிடம் சொன்னீர்கள். “கூரை மேல இடிதாங்கி இருக்கு. அதுல இடி விழுந்தா, மண்ணுக்குள்ள போற கரண்டுல ஒரு பங்கு திரும்பி இந்த போர்டுக்குத்தான் வரும். நீங்க வாங்கினது உள்ள இருக்கிற சின்ன போர்டுக்கான சாமான். அந்த அடிய இது தாங்காது.”

“காப்பான்ல பச்சை அடையாளம் தெரியுதே, தோன்யா. அப்புறம் என்ன?”

“இன்னும் அடி வாங்கல, அதான் பச்சை. கரண்டு நுழையற இடத்துல பெருசா ஒண்ணு, வார்டு போர்டுல ஒண்ணு, மெஷின் பக்கத்துல ஒண்ணுன்னு மூணு படி வேணும். மெஷின் எவ்வளவு வோல்ட் தாங்குமோ அதுக்குக் கீழயே நிறுத்துறதா பாத்து எடுக்கணும். நம்ம ஊர்ல நூத்தி இருபது வோல்ட் சில நாள் நூத்தி நாப்பதுக்கு ஏறுது. அதை எந்நேரமும் தாங்கறதா இருக்கணும், இல்லேன்னா காப்பானே சூடாகி எரியும். வயரும் அரை மீட்டருக்கு மேல போகக் கூடாது. இங்க ரெண்டு மீட்டர் சுருட்டி வச்சிருக்காங்க.”

“சரியானது வர எத்தனை நாளாகும்?”

“ஆறு வாரம்.”

“ஆளுநர் பத்து நாள்ல வர்றாரு. மழைக்காலம் முடிஞ்சு வாங்கன்னு அவர்கிட்ட சொல்லவா?”

“ஆளுநர் ஒரு மணி நேரத்துல கிளம்பிருவாரு, டாக்டர். நோயாளிங்க வாரத்துக்கு மூணு தடவ வருவாங்க.”

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் மறுநாள் உங்களைச் சலவைக்கூடத்துக் கொதிகலன்களுக்கு மாற்றினார்கள். மின்பலகையை நேரில் பாராத ஒருவர் தலைநகரில் இருந்தபடியே சான்றிதழில் ஒப்பமிட்டார். நாடா வெட்டினார்கள், நாங்கள் கை தட்டினோம். “எதுக்கு வம்பு, போட்டுத் தொலைக்க வேண்டியதுதானே” என்று உங்கள் காதுபடப் பேசியவர்களும் எங்களுள் உண்டு. அந்த வெட்கத்தையும் இந்த மடலில் எழுதத்தான் வேண்டும்.

அதே ஆண்டு அக்டோபர் பதினான்கு, பிற்பகல் மூன்று மணி. கூரையில் இடி விழுந்தது. தலைமைப் பலகையில் இருந்த காப்பான் வெடித்துத் தீப்பற்றியது. ஒன்பது இயந்திரங்களும் ஒரே நொடியில் ஊமையாயின. ஒன்பது பேரின் இரத்தம் குழாய்களுக்குள் நின்றது. தலைமைச் செவிலி யமிலே ஒன்யாத்தே இயந்திரத்தின் கைப்பிடியைச் சுழற்றி இரத்தத்தைத் திருப்பிச் செலுத்தத் தொடங்கியபோது, அறைக்குள் புகை நுழைந்தது. நோயாளிகளை அப்படியே விட்டு ஓடுவதா, இருப்பதா என்று செவிலியர் திகைத்து நின்றனர்.

நீங்கள் சலவைக்கூடத்திலிருந்து மழையில் ஓடிவந்தீர்கள். வெளிவாசல் மின்னிணைப்பைத் துண்டித்தீர்கள். உலர்தூள் அடித்துத் தீயை அடக்கினீர்கள். பிறகு கதவைத் திறந்து, பதற்றமில்லாத குரலில் சொன்னீர்கள்: “தீ அணைஞ்சிருச்சு, யமிலே. யாரும் ஓட வேணாம். கைப்பிடிய விடாம நிதானமா சுத்துங்க.” ஒன்பது பேரும் அன்று பிழைத்தார்கள்.

ஆனால் இயந்திரங்கள் பிழைக்கவில்லை. ஏழு மாதம், வாரம் மூன்று முறை, நோயாளிகள் படகிலும் பேருந்திலுமாக ஐந்து மணி நேரம் பயணம் செய்து பாரங்கா நகர மருத்துவமனைக்குப் போனார்கள். அவர்களுள் ஒருவர், துறைமுகத்தில் எம்பனாதா பணியாரம் சுட்டு விற்ற எடெல்மிரா தபாரெஸ் பதினோரு வாரம் போனார். “இனிமே முடியாது, யமிலே. படகுல ஏறி இறங்கியே உசிரு போயிரும் போல,” என்று சொல்லி நின்றுவிட்டார். ஜனவரியில் அவரை அடக்கம் செய்தோம்.

விசாரணை அறிக்கையில் எடெல்மிராவின் பெயர் இல்லை. ‘இயற்கையின் செயல்’ என்று எழுதியிருந்தது. உங்கள் கோப்பில் மட்டும் ஒரு குறிப்பாணை ஏறியது: ‘அனுமதியின்றிப் பணியிடம் விட்டகன்றார்.’ ஒன்பது உயிரைக் காக்க ஓடியதற்கு இந்த மருத்துவமனை அளித்த பட்டம் அது.

நோயாளிகளின் உறவினர் ஆறு நாள் வாயிலில் அமர்ந்த பின்னரே நிர்வாகம் உங்களைத் திரும்ப அழைத்தது. நீங்கள் முறுக்கிக்கொள்ளவில்லை. மூன்று படிக் காப்பான்களையும் நீங்களே தேர்ந்தீர்கள், ஒவ்வொரு கம்பியையும் நீங்களே அளந்து வெட்டினீர்கள். மண்ணிணைப்பைத் தோண்டிப் பார்த்துப் புதுப்பித்தீர்கள். அதன்பின் எத்தனையோ இடி விழுந்தது. ஓர் இயந்திரமும் நிற்கவில்லை. பதிலுக்கு நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“அந்த மெமோவ எடுத்துருங்க, டாக்டர்.”

“பாக்கலாம், தோன்யா.”

மூன்று ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

ஆகவே அன்பிற்கும் ஆற்றலுக்கும் உரியவரே, இனி நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். குறிப்பாணையை நீக்கவும், அறிக்கையைத் திருத்தி எடெல்மிரா தபாரெஸின் பெயரை எழுதவும் கோரி, இன்று காலை தொழிலாளர் அலுவலகத்தில் மனு அளித்துவிட்டோம். இந்த மடலை இரண்டு படிகள் எடுத்துக் கண்ணாடிச் சட்டம் போட்டிருக்கிறோம். ஒன்று உங்கள் வீட்டுக்கு. மற்றொன்றை விழா முடிந்ததும் நுழைவாயில் சுவரில் மாட்டுகிறோம். கழற்ற விரும்புகிறவர், நோயாளிகள் வரிசையில் நிற்கும் பகல் வேளையில், எங்கள் கண் முன்னே கழற்றட்டும்.

நோயற்ற உடலும் நோகாத மனமும் பெற்று, நூறாண்டைத் தாண்டியும் நீங்கள் நலமாக வாழ வேண்டும்.

இங்ஙனம்,
நாற்பத்து மூன்று பணியாளர்கள்,
அவரவர் முழுப்பெயருடன்.