பல்வலிக்கு எத்தனை பேர்

இல்ல தம்பி, உன் மேல இங்க யாருக்கும் கோவம் கிடையாது. ராஜாவுக்குப் பல்வலி, அவ்வளவுதான். அதுக்காக நாளைக்குக் காலைல உங்க எல்லாரையும் வெட்டப் போறாங்க. நீ மலையில ஆடு மேய்ச்சுக்கிட்டு இருந்தே, பிடிக்க வசதியா இருந்தே, பிடிச்சிட்டு வந்துட்டாங்க. இதுல தனிப்பட்ட விரோதம்னு எதுவும் இல்ல.

பல்வலிக்கு மருந்து போட மாட்டாங்களான்னா கேக்கற? நல்லா கேட்ட போ. பல்லு சும்மா வலிக்குமாப்பா? மேல செத்துப் போனவங்கள்ல யாரோ மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்கன்னு அர்த்தம். அப்பாவா, சித்தப்பாவா, பெரியப்பாவா? அதைக் கண்டுபிடிக்காம மருந்து போட்டா, அந்தக் கோவத்துல பக்கத்துப் பல்லும் ஆடும்.

அதைக் கேட்டுச் சொல்றதுதான் ஆமை. சிரிக்காதே. இதோ உன் கால்கிட்ட ஊருதே, அதைப் பாரு. முதுகு வானம் மாதிரி வளைஞ்சிருக்கா? வயிறு தரை மாதிரி தட்டையா இருக்கா? நடுவுல உயிர். மொத்த உலகத்தையும் சுருக்கி நாலு காலு வச்ச மாதிரி ஒரு ஜீவன். மேல ஒருத்தர் அசைஞ்சா இங்க ஓட்டுல கீறல் விழும். எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிடக்கு தம்பி. உன் ஆடு, ராஜாவோட பல்லு, மழை, எல்லாந்தான்.

என் வேலை என்னன்னா, செத்த ஆமையோட வயித்துப் பக்க ஓட்டைக் காயவச்சு, தேய்ச்சு, உள்பக்கம் வரிசையா குழி தோண்டறது. இருபத்தாறு வருஷமா இதேதான். வலது பக்கம் ஒண்ணு, இடது பக்கம் ஒண்ணு. எதையும் ஒரு பக்கமா கேக்கக் கூடாது பாரு. வலது பக்கத்துல, பெரியப்பாதான் செய்யறாருன்னு சொல்லணும். இடது பக்கத்துல, பெரியப்பா செய்யலைன்னு சொல்லணும். சொல்லிட்டுப் பழுக்கக் காய்ச்சின வெண்கலக் கம்பியைக் குழியில வச்சா, பொக்குன்னு சத்தம் வரும், மறுபக்கம் கீறல் விழும். அது எந்தப் பக்கமா ஓடுதோ அதுதான் பதில். அதை ராஜாவே குனிஞ்சு படிப்பாரு, ஒரு கையால கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு.

பெரியப்பாதான்னு விழுந்துச்சு. உயிரோட இருக்கும்போதே அந்த மனுசன் அப்படித்தானாம். முதல் கறி தனக்கு வரலைன்னா எந்திரிச்சுப் போயிடுவாராம். செத்தா மட்டும் குணம் மாறிடுமா? சரி, அவருக்கு என்னதான் வேணும்? மூணு ஆடா? வேணாம். அஞ்சு மாடா? வேணாம். கொட்டில்ல நீங்க ஒம்பது பேர் இருந்தீங்க. அப்ப ஒம்பது ஆளா?

அங்கதான் நான் ஒரு காரியம் பண்ணினேன். குழியை எந்தப் பக்கம் மெலிசா விடறோமோ அந்தப் பக்கம்தான் கீறல் ஓடும். எனக்குத் தெரியும், ஆனா ஒரு தடவைகூட அப்படிச் செஞ்சதில்ல. முந்தாநாள் இந்தப் பக்கமா வந்தப்ப உன்னைப் பாத்தேன். தெற்கேருந்து காணிக்கையா வந்த ஆமைங்களோட உங்களையும் சேத்து அடைச்சிருந்தாங்க. உனக்குக் குடுத்ததே ஒரு வாய் தினைக்கஞ்சி. அதுல பாதியை ஒரு ஆமைக்கு ஊட்டிக்கிட்டிருந்தே. எங்க ஆளுங்க ஆமையைக் கும்பிடுவாங்க தம்பி, அதுக்குப் பசிக்கும்னு ஒருத்தனும் நெனச்சதில்ல. எனக்கு மனசு கேக்கல. ஒம்பது வேணாம்னு விழற மாதிரி தோண்டிட்டேன்.

விழுந்துச்சு. ரொம்ப அழகா விழுந்துச்சு. உங்களை அவுத்து விட்டுடுவாங்கன்னு நெனச்சேன் முட்டாப்பய. ராஜா கீறலைப் பாத்தாரு, பெரியப்பாவுக்கு ஒம்பது பத்தலை போலிருக்கு, பத்தான்னு கேளுங்கன்னாரு. பத்துக்கு நான் ஒண்ணும் மெனக்கெடல, எப்பவும் தோண்டற குழிதான். பொக். சரின்னுட்டாரு.

அந்தப் பல்லா? அது இன்னைக்குக் காலைல தானா விழுந்துடுச்சு. எலும்பைக் கடிச்சாரு, கையோட வந்துடுச்சு. வலி சுத்தமா போச்சு. அப்ப விட்டுடலாமேங்கறியா? ஓட்டுல செதுக்கியாச்சேப்பா. பத்துன்னு செதுக்கிட்டுக் குடுக்காம விட்டா, மிச்சம் இருக்கற பல்லுங்க கதி என்ன?

எங்க தலைமைக் குறிகாரர் மாவ் ஓட்டைத் திருப்பி அந்த ஒம்பதாள் குழியை விரலால தடவிப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு. என் வேலைதான்னு புரிஞ்சு போச்சு. அப்ப அந்தக் கேள்வியே செல்லாதுங்கய்யா, எல்லாத்தையும் அழிச்சிடலாம்னேன். ஓடு பொய் சொல்லாதுடா, தோண்டினவன்தான் பொய் சொல்லுவான்னுட்டாரு. அதுவும் நியாயந்தானே? தோண்டினது என் கைதான், ஆனா கையை அசைச்சது பெரியப்பாவா இருந்தா? வர்ற வழியெல்லாம் அதையே யோசிச்சுக்கிட்டு வந்தேன்.

உன்னைக் கூட்டிட்டுப் போக வரல தம்பி, கதவையே பாக்காதே. அதை வெளிப்பக்கம் தாழ் போட்டுட்டாங்க. நீங்க ஒம்பது பேர்தானே இருக்கீங்க. கொஞ்சம் தள்ளி உக்காரு, பத்தாவது நான்.